பார்வை போன பிறகு வீட்டைக் கூட்டித் துடைப்பது: அம்மாவுக்காகக் கேட்டவருக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டு இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறீர்கள். கூட்டுவது, துடைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். செய்யவும் செய்கிறார். ஆனால் மூலையில் குப்பை நிற்கிறது, தட்டில் பருக்கை ஒட்டியிருக்கிறது. நீங்கள் அதை மறுபடி செய்யும் சத்தம் கேட்டு அவர் முகம் வாடிவிடுகிறது. பார்வையற்றவர்களுக்கென்று ஏதாவது டிப்ஸ் இருக்கிறதா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். டிப்ஸ் நிறையவே இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, அழுக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர் அதை எப்படி எடுப்பார், எடுத்தாயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வார் என்பதைத்தான். அதற்கு முதலில் வருகிறேன்.

எனக்குக் கல்லூரி நாட்களிலேயே பார்வை போய்விட்டது. அப்புறம் பயிற்சி எடுத்து, நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்கு வீட்டு வேலையும் நடமாட்டமும் சொல்லிக்கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கண் தெரிந்தவர்கள் அழுக்கைத் தேடிப்போய்த் துடைக்கிறார்கள். நாங்கள் இடத்தைத் துடைக்கிறோம். அழுக்கு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, தரையில் ஓர் அங்குலம்கூட விடுபடாமல் கை போய்வந்துவிட்டால், இருந்த அழுக்கும் போயிருக்கும். உங்கள் அம்மா நாற்பது வருடமாகக் கண் காட்டிய இடத்தை நோக்கித் துடைப்பத்தை ஓட்டியவர். கண் போன பிறகும் கை அதே பழக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகிறது. அவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது வரிசை ஒன்றுதான்.

புது அறை ஒன்றை எங்களுக்குப் பழக்கும்போது இரண்டு முறைகளைச் சொல்லித்தருவார்கள். முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது. அடுத்து ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை நேராகப் போய், ஓர் அடி தள்ளித் திரும்பி வந்து, இப்படியே அறை முழுக்கக் கோடு போடுவது. கூட்டுவதற்கும் இதே இரண்டும்தான். முதல் சுற்றில் சுவரோரம் மட்டும். பிறகு நடுப்பகுதியைக் கோடு கோடாக. ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் மேல் பாதியாவது ஏற வேண்டும். கண் தெரிந்தவர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் அந்தப் பாதி ஏறுவதுதான் இடைவெளி விடாமல் காப்பாற்றுகிறது.

உங்கள் வீட்டில் டைல்ஸ் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே ஓடும் கோட்டை விரல் நுனியாலோ துடைப்பத்தின் அடியாலோ உணர முடியும். ஒரு டைல், அடுத்த டைல் என்று எண்ணிக்கொண்டே போகலாம். சிவப்புச் சிமெண்ட் தரையோ பளிங்குத் தரையோ என்றால் கோடு கிடைக்காது. அப்போது கட்டில், பீரோ, ஜன்னல், வாசற்படி இவற்றை அடையாளமாக வைத்து அறையை நாலு பங்காகப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "கட்டிலிலிருந்து பீரோவரை முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது நல்ல பழக்கம். நடுவில் போன் வந்து எழுந்து போனாலும் விட்ட இடம் மறக்காது.

மூலைக்குப்பைக்கு வருவோம். பூந்துடைப்பம் விசிறியாக விரிந்திருப்பதால் அது மூலைக்குள் போகாது, வளைந்து திரும்பிவிடும். கண் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத் துடைப்பத்தைச் செங்குத்தாகத் திருப்பி இரண்டு குத்துக் குத்திவிடுவார்கள். செய்கிறோம் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அம்மாவுக்கு அதைத் தனி வேலையாகவே சொல்லிக்கொடுங்கள். கூட்டத் தொடங்கும் முன்பே நாலு மூலைக்கும் போய், ஈரத்துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டு ஓர் இழுப்பு. கதவுக்குப் பின்னால், பீரோவின் காலுக்குப் பக்கத்தில், சிலிண்டருக்கு அடியில் என்று விடுபடும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அவற்றையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவுக்கு எதிர்மூலையில் தொடங்கி, குப்பையைத் தன்னை நோக்கி இழுத்தபடி பின்னால் வர வேண்டும். நாற்று நடுகிறவர்கள் நட்டதை மிதிக்காமல் பின்னோக்கி நகர்வார்களே, அப்படி. குப்பையை அறை நடுவில் குவிக்கக் கூடாது, மிதித்துவிடுவார். சுவரோரமாக, எப்போதும் ஒரே இடத்தில் குவிக்கட்டும். முறத்தின் விளிம்பை இடது கையால் தரையோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் துடைப்பத்தைக் குட்டையாகப் பிடித்துத் தள்ளினால் பெரும்பகுதி ஏறிவிடும். முறத்தின் விளிம்புக்கடியில் ஒரு கோடாகத் தூசி எப்போதும் மிஞ்சும், கண் இருந்தாலும் மிஞ்சும். அதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். கடைசியில் உள்ளங்கையைத் தரையில் வைத்து ஒரு தடவு. ரவையோ கடுகோ கிடந்தால் கையில் பட்டுவிடும். துடைப்பமும் பேசும்: சுத்தமான டைல்ஸில் அது ஓடும் சத்தம் வேறு, மண் கிடக்கும் தரையில் நறநறப்பது வேறு. சில நாளிலேயே அவருக்குப் பிடிபடும். வேக்குவம் கிளீனர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அதன் இரைச்சலில் இந்தச் சத்தமெல்லாம் அமுங்கிவிடும். அழைப்பு மணியும் கேட்காது. என் ஓட்டு துடைப்பத்துக்கே.

துடைப்பதும் அதே வரிசைதான், ஆனால் வாளி ஒரு தொல்லை. துடைக்கத் துடைக்க வாளியை நகர்த்தினால் அதைத் தேடியே நேரம் போகும், தட்டியும் விடுவார். சுவரை ஒட்டி ஒரே பக்கமாக நகர்த்துவது என்று வைத்துக்கொண்டால் சுவரைத் தொட்டால் வாளி கிடைத்துவிடும். துணியை அலசித் திரும்பும்போது விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க, கடைசியாகத் துடைத்த இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தால் போதும், ஈரம் முடிகிற எல்லை குளிர்ச்சியில் தெரியும். முட்டி வலி இல்லாதவர்கள் உட்கார்ந்து கைத்துணியால் துடைப்பதே மேல், தரையைப் பற்றிக் கை சொல்லும் அளவுக்குக் கம்பு சொல்லாது. முட்டி ஒத்துழைக்காவிட்டால் தட்டையான மாப் நல்லது. நூல் தொங்கும் மாப் எங்கே தொட்டது, எங்கே விட்டது என்பதே தெரியாது.

இங்கே உங்கள் அம்மாவுக்கு மட்டும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. இணையத்தில் வரும் பொதுவான குறிப்புகள் இதைச் சொல்வதில்லை. பார்வையற்றவர்கள் வெறுங்காலால் நடந்தே தரையைச் சோதிப்பார்கள், நானும் அப்படித்தான். ஆனால் கண்ணைப் பாதிக்கும் அளவுக்குச் சர்க்கரை இருந்தவர்களில் பலருக்கு நரம்பும் பாதித்திருக்கும். அது பாதத்தில் தொடங்கி, பிறகு விரல்களுக்கும் வரலாம். காலில் முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறவும் நாளாகும். அதனால் அவர் வீட்டுக்குள்ளும் வழுக்காத, பின்பட்டை வைத்த மென்மையான செருப்புப் போட்டே வேலை செய்ய வேண்டும். தரையைச் சோதிப்பது கையால் மட்டும். கைவிரல்களில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு தட்டில் கொஞ்சம் ரவை, இன்னொன்றில் தூள் உப்பு வைத்துத் தடவிப் பார்த்து வேறுபாடு சொல்லச் சொல்லுங்கள். இது மருத்துவச் சோதனை அல்ல, வேலைக்கு ஆகுமா என்று நான் பார்க்கும் வழி, அவ்வளவுதான். சொல்ல முடியாமல் திணறினால் நான் இங்கே "கையால் தடவி" என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் அவருக்குப் பாதிதான் பலிக்கும். அப்போது வரிசையையும் சத்தத்தையும்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். வெந்நீரில் கை வைக்கும் முன் முழங்கைக்கு மேலே உணர்ச்சி நன்றாக உள்ள இடத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிப் பிறகு வெந்நீர் கலப்பது, இரண்டும் கட்டாயம். இன்சுலின் போடுகிறவர் என்றால் சாப்பிடாமல் துடைப்பத்தைத் தொடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். குனிந்து நிமிர்வது, பளு தூக்குவது பற்றிக் கண் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். விழித்திரையில் ரத்தக்கசிவோ அண்மையில் அறுவை சிகிச்சையோ இருந்தால் அவர் தடை சொல்லலாம். அதில் நான் கருத்துச் சொல்ல முடியாது.

பார்வை "முழுவதும்" போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சோதியுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எரிகிறதா என்பதாவது தெரிந்தால் அது பெரிய சொத்து. வெளிச்சம் வரும் பக்கத்தை வைத்தே திசை பிடிக்கலாம். நிழலாகவாவது தெரிகிறவர் என்றால் வெள்ளைச் சிங்க்கில் கறுப்பு ரப்பர் விரிப்பு, வெளிர் தரையில் அடர்நிற வாளி என்று நிறத்தில் வேறுபாடு கொடுங்கள்.

பாத்திரத்துக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது ஏற்கெனவே கை வேலைதான், கண் வேலை அல்ல. அழுக்குப் பாத்திரம் இடப்பக்கம், கழுவியது வலப்பக்கம், நடுவில் தவிர வேறெங்கும் தேய்ப்பதில்லை என்ற ஒழுங்கு போதும். தட்டில் பருக்கை ஒட்டியிருப்பது ஊறப்போடாததால். தேய்த்த பிறகு நாரைக் கீழே வைத்துவிட்டு வெறும் விரலால் உள்ளே, விளிம்பில், அடியில் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். எண்ணெய் போன தட்டில் ஈர விரல் கீச்சென்று சத்தம் போடும், போகாத தட்டில் வழுக்கும். கத்தியையும் அரிவாள்மணையையும் எந்தக் காரணத்துக்காகவும் சிங்க்குக்குள் போடக் கூடாது. இதை வீட்டில் எல்லாரும் பின்பற்ற வேண்டும், ஏனென்றால் போடுகிறவர்கள் நீங்கள்தான். மிக்ஸி ஜாருக்குள் விரல் விட வேண்டாம். தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் ஊற்றி மூடி ஒரு சுற்றுச் சுற்றினால் பிளேடு தானே சுத்தமாகும். குக்கர் மூடியில் கேஸ்கட்டைக் கழற்றி அதன் பள்ளத்தை நகத்தால் ஒரு சுற்று வருட வேண்டும். வெயிட் உட்காரும் குழாயில் வாய் வைத்து ஊதினால் காற்றுப் போக வேண்டும். பருப்பு அடைத்திருந்தால் போகாது. இந்த ஊதிப் பார்ப்பதைக் கண் தெரிந்தவர்களும் செய்தால் நல்லது.

இதுவரை சொன்னதில் தப்பினால் கொஞ்சம் குப்பை மிஞ்சும், அவ்வளவுதான். இனிச் சொல்வதில் தப்பினால் ஆபத்து. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட், ஹார்பிக் வகையறா பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அதோடு கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். அம்மா தனியாக இருக்கும் வீட்டில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்து இருக்கவே கூடாது. இரண்டில் ஒன்றை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். தெருவில் வண்டியில் விற்கும் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ வாங்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றே தூக்கிப்போடுங்கள். எந்தப் பாட்டிலையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து அடையாளம் காணக் கூடாது.

அடையாளத்துக்கு ரப்பர் பேண்ட் போடச் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அது சில மாதத்தில் இற்று அறுந்துவிடும். பாட்டில் கழுத்தில் சணல் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போடுங்கள். பினாயிலுக்கு ஒரு முடிச்சு, கழிவறைக்கு ஊற்றுவதற்கு மூன்று முடிச்சு, பாத்திரச் சோப்பு வேறு அறையில். முடிச்சைவிட முக்கியம் இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், எடுத்த கை அங்கேயே வைக்க வேண்டும். பினாயிலைப் பாட்டிலோடு சாய்த்து ஊற்றாமல் மூடியால் அளந்து ஊற்றட்டும். கழிவறைக் கோப்பைக்கு ஊற்றும்போது கையுறை போட்டு, பாட்டிலின் மூக்கு விளிம்பைத் தொட்டபடி இருக்க ஒரு சுற்றுக் கொண்டுவந்தால் தெறிக்காது. அவருக்குக் கையில் உணர்ச்சி குறைவு என்றால் இந்த ஒரு வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் ஆப்ப சோடாவும், வினிகரும் ஆப்ப சோடாவும் என்று வீடியோக்களில் வரும் கலவைகளால் ஆபத்து இல்லை. ஆனால் நுரைத்து முடிந்ததும் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தனித்தனியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு.

கண்ணாடி உடைந்தால் உடனே நகராமல் நிற்க வேண்டும். செருப்பு இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பெரிய துண்டுகளைத் துடைப்பத்தால் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, சப்பாத்தி மாவு உருண்டையையோ நன்றாக நனைத்த செய்தித்தாளையோ தரையில் ஒற்றி ஒற்றிச் சில்லுகளை எடுக்கலாம், பிறகு அப்படியே எறிந்துவிடலாம். இது கை நன்றாக உணரும் ஆளுக்குச் சொன்னது. உங்கள் அம்மா அந்த இடத்தைவிட்டு விலகி, கதவைச் சாத்தி, நீங்கள் வரும்வரை காத்திருப்பதே சரி.

கையாலும் காதாலும் தெரியாத அழுக்கும் இருக்கிறது. சுவரில் பட்ட காபிக் கறை, சேலையில் படிந்த மஞ்சள் கறை, கண்ணாடியில் காய்ந்த தண்ணீர்ப் புள்ளி இவற்றுக்கு மேடு பள்ளம் கிடையாது, தடவினால் ஒன்றும் தெரியாது. இவற்றைத் தேடுவதில் பயனில்லை. நாள் வைத்துக்கொள்வதுதான் வழி: வெள்ளிக்கிழமை கண்ணாடியும் ஸ்விட்ச் பலகைகளும், மாதத்தில் முதல் ஞாயிறு ஒட்டடை. அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாளில் துடைத்தாகிவிடும். சர்க்கரை சிந்தியிருந்தால் எறும்பு தகவல் சொல்லும், அது தனி. ஸ்மார்ட்போன் பழகியவர் என்றால் பி மை ஐஸ் என்ற செயலி இருக்கிறது. 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது, காசு கிடையாது. வீடியோ அழைப்பில் யாரோ ஒரு தன்னார்வலர் நம் கேமரா வழியாகப் பார்த்து "இடது கைப் பக்கம் கொஞ்சம் கறை இருக்கிறது" என்று சொல்வார். படத்தைச் செயற்கை நுண்ணறிவு விவரித்துச் சொல்லும் வசதியும் அதில் வந்துவிட்டது. அது சில நேரம் இல்லாததையும் உறுதியாகச் சொல்லும். சேலைக் கறைக்கு அதை நம்பலாம், ஆசிட் பாட்டிலா பினாயில் பாட்டிலா என்று தெரிந்துகொள்ள நம்பாதீர்கள்.

கண் போனால் காது கூர்மையாகிவிடும் என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். சிறுவயதிலிருந்தே பார்வை இல்லாதவர்கள் சிலருக்குத் தொடுதலும் கேட்டலும் கூடுதல் நுட்பமாக இருப்பதாக ஆய்வுகள் உண்டு. 61 வயதில் பார்வை போனவருக்கு அது தானாக நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே காதில் விழுந்ததைக் கவனிக்கப் பழகுவார், அதற்குக் காலம் பிடிக்கும். இன்னொன்று, நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். பத்து நிமிடம் கண்ணைக் கட்டினால் முதல் நாள் பதற்றம் மட்டும்தான் தெரியும், பழகிய கையின் லாகவம் தெரியாது. அப்படிச் செய்துபார்த்தவர்கள் பார்வையற்றவர்களின் திறமையை முன்னைவிடக் குறைவாக மதிப்பிட்டார்கள் என்று அமெரிக்காவில் 2015இல் ஓர் ஆய்வே வந்தது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்கட்டும், பாதி திறந்த கதவு நெற்றியைப் பதம் பார்க்கும். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவையுங்கள். சார்ஜர் வயர் தரையில் கிடக்கக் கூடாது. எதையாவது நகர்த்தினால் வாயால் சொல்லுங்கள். அவர் கூட்டியதை அவர் காதுபட மறுபடி கூட்டாதீர்கள். விட்டுப்போயிருந்தால் "சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சுவரோரம் ஒரு சாண் விட்டுப்போச்சும்மா" என்று இடத்தைச் சொல்லுங்கள். "அங்கே, இங்கே" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "கண்ணு தெரியாதவளை வேலை வாங்குறாங்க பாரு" என்று யாராவது சொல்வார்கள், எனக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் சொன்னார்கள். அந்தப் பேச்சுக்கு அம்மாவையே பதில் சொல்ல விடுங்கள், அவர் நன்றாகவே சொல்லுவார் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிகிறது.

நேரில் கற்றுக்கொள்ள முடிந்தால் நான் எழுதியதைவிட அதுவே மேல். டேராடூனில் உள்ள தேசிய பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது. நீங்கள் வேறு மாவட்டம் என்றால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்து சொல்லித்தருபவர் கிடைத்தால் விடாதீர்கள், ஏனென்றால் அம்மா கூட்டப்போவது உங்கள் வீட்டைத்தான். அதுவரை ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு, இந்த வரிசையில் இரண்டு வாரம் செய்துபார்க்கச் சொல்லுங்கள். தரை டைல்ஸா சிமெண்டா, அம்மாவுக்கு முட்டி எப்படி, ரவை–உப்பில் என்ன சொன்னார் என்று எழுதினால் அடுத்து குளியலறையையும் வாசலையும் பற்றிச் சொல்கிறேன். வாசலுக்குச் சுவர் கிடையாது என்பதால் அதற்கு வேறு வழி வேண்டும்.